தோழியின் கணக்கேடு

தன்னைக் கவனிப்பதில் நம் ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆளில்லை. ஐந்து வயதிலேயே அந்தப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. காலைச் சேர்த்து வை, பாவாடையை இழுத்து விடு, சத்தமாகச் சிரிக்காதே, ஆம்பளைகள் வந்தால் உள்ளே போ. பத்து வயதுக்குள் நாமே நமக்குள் ஒரு காவல்காரியை அமர்த்திவிடுகிறோம். அவள் தூங்குவதே இல்லை. பேருந்தில் உட்காரும்போதும், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதும், கவிதை வாசிக்க மேடையேறும்போதும் தோளுக்குப் பின்னால் நின்று முந்தானையைச் சரி பார்க்கிறாள்.

ஆகவே நாற்பத்திரண்டாவது வயதில், பணம் கட்டிச் சேர்ந்த இணையவழிப் பயிற்சியின் முதல் வகுப்பில், ஒரு நல்ல கோச்சுக்கு முதல் தேவை தன்னுணர்வு, உங்களை நீங்களே கவனிக்கப் பழகுங்கள் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு கட்டணம்? திரையில் என்னோடு இருந்த முகங்களில் பெரும்பாலானவை சென்னையிலும் பெங்களூரிலும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுடையவை. கானாடுகாத்தானிலிருந்து ஒரு தமிழ் விரிவுரையாளர் இங்கே எதற்கு வந்திருக்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

இப்போது ஓரளவு புரிகிறது. பிறர் கண்ணால் தன்னைக் கவனிப்பது ஒன்று, தன் கண்ணால் தன்னைக் கவனிப்பது வேறொன்று. முதலாவதைக் குடும்பமும் தெருவும் இலவசமாகக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன. இரண்டாவதை நாம்தான் தேடிக் கற்க வேண்டியிருக்கிறது. அதிலும், இன்னொரு பெண் நம் எதிரில் வந்து உட்கார்ந்து, "எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல" என்று சொல்லும் இடத்தில் நாம் இருந்தால், அதைக் கற்காமல் இருக்கவே முடியாது.

*

அம்மாவிடம் இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னபோது, "கோச்சுன்னா ரயில் பொட்டிதானே?" என்றார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, பெயர் செட்டிநாடு. ரயில் வந்தால் கோச் நம்பர் பார்த்து ஓடுவோம். கோச் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அதுதான், அல்லது பள்ளிக்கூடத்தில் கபடி சொல்லித்தரும் மாஸ்டர். தேடிப் பார்த்தபோது அம்மா சொன்னது முழுக்கத் தப்பில்லை என்று தெரிந்தது. ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்கு வந்த பெயர் அது. 19ஆம் நூற்றாண்டில், மாணவனைத் தேர்வு என்ற ஆற்றைக் கடத்திவிடும் தனிப் பயிற்சி ஆசிரியரை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் கேலியாக அந்தப் பெயரால் அழைத்தார்கள். பிறகு விளையாட்டுக்குப் போய், அங்கிருந்து அலுவலகங்களுக்கு வந்திருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு கூட்டமைப்பே தொடங்கினார்கள். இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற அந்த அமைப்பு 2019இல் திருத்தி வெளியிட்ட எட்டுத் திறன்களில், தன் வேலையைத் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தொடர்ந்து வளர்த்துக்கொள்வதும் ஒரு கடமையாகச் சேர்ந்தது.

இந்தச் சிந்தனைக்கு முன்னோடி டொனால்ட் ஷோன். கட்டடக் கலைஞர்கள், மனநல மருத்துவர்கள், பொறியாளர்கள், நகரத் திட்டமிடுவோர் ஆகியோர் உண்மையில் எப்படி யோசித்து வேலை செய்கிறார்கள் என்று பார்த்து 1983இல் ஒரு நூல் எழுதினார். தொழிலறிவு முழுக்கப் பாடப்புத்தகத்தில் இல்லை, செயலின் நடுவே நிகழும் யோசனையிலும் செயல் முடிந்த பிறகு நிகழும் யோசனையிலும் இருக்கிறது என்பது அவர் சொன்னது. மேட்டு நிலத்துப் பிரச்சினைகளைச் சூத்திரத்தால் தீர்த்துவிடலாம், மனிதர்களுக்கு முக்கியமான பிரச்சினைகள் சேற்று நிலத்தில்தான் கிடக்கின்றன என்று அவர் எழுதியதைப் படித்தபோது, நாற்று நடும் வயலில் நிற்கும் பெண்களின் முழங்கால்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

எனக்கு இந்தப் படிப்பு தேவைப்பட்ட காரணம் எளிமையானது. இன்று கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இருபது முப்பது மாணவிகளைப் பிரித்துக் கொடுத்து, நீங்கள்தான் இவர்களுக்கு மென்டார் என்று ஒரு பதிவேட்டையும் கொடுத்துவிடுகிறார்கள். வருகை, மதிப்பெண், அரியர், பெற்றோர் கைபேசி எண் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. தன் பெயரில் முதல்முறையாகப் பணம் பார்த்த பெண்கள், தன் பெயரில் முதல்முறையாகக் கேள்விகளோடும் வந்தார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கல்லூரிக்கு வெளியிலும், சனி ஞாயிறுகளில், தற்காலிக ஆசிரியைகள், சுயஉதவிக் குழுப் பெண்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று பேச வந்தார்கள். வருகிறவர்களிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

*

கேட்பதை நான் அந்தப் பயிற்சியில் கற்கவில்லை. அதை இந்த ஊரின் ஒரு பெரிய வீட்டின் மூன்றாம் கட்டில் கற்றேன்.

செட்டிநாட்டு வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை வாசல். முகப்பில் ஆண்கள் கணக்குப் பார்ப்பார்கள், வளவில் பெண்களும் சடங்குகளும், அதைத் தாண்டினால் சாப்பாட்டுக் கட்டு, சமையல் கட்டு, கிணறு. பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க வருகிறவர்கள் முகப்பிலிருந்து உள்ளே போவார்கள். என் அம்மா கொல்லை வாசலிலிருந்து உள்ளே போவார். முப்பது வருடம் அந்த வீட்டில் சமையலுக்கு ஒத்தாசை. பள்ளி விட்டதும் நானும் அங்கேதான் போவேன். ஆச்சி என்னை "வா ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார், பாசமானவர்.

அந்தக் கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்கக் கற்றேன். வளவில் சொம்பை வைக்கும் சத்தத்தை வைத்து ஆச்சியின் மனநிலையை அம்மா சொல்லிவிடுவார். "இன்னைக்குக் கடுதாசி வரல போல" என்பார். சொல்லாததைக் கேட்பது, முகம் மாறுவதற்கு முன் தெரிந்துகொள்வது, எதிராளி வாக்கியத்தை முடிக்கும் வரை பொறுத்திருப்பது. இவற்றுக்கெல்லாம் பயிற்சியில் ஆழ்ந்து கேட்டல் என்று பெயர் வைத்துப் பாராட்டினார்கள். எனக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதிகாரம் இல்லாதவர்கள்தான் உன்னிப்பாகக் கேட்பார்கள். பிழைப்பு அதில் இருக்கிறது. மருமகள் மாமியாரின் இருமலைக் கேட்பது, மனைவி கணவனின் செருப்புச் சத்தத்தைக் கேட்பது, சமையல்காரி சொம்புச் சத்தத்தைக் கேட்பது எல்லாம் ஒரே பள்ளியில் கற்றவை. அதில் அக்கறையும் உண்டு, அச்சமும் உண்டு, இரண்டும் ஒரே நூலில் முறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து பேசும்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இது: நான் இவளுக்காகக் கேட்கிறேனா, இவளுக்குப் பிடித்தவளாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேனா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகையில் கேட்டால், அவளுக்குக் கசக்கிற ஒரு கேள்வியை என்னால் கேட்கவே முடியாது.

*

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது சங்க அகப்பாடல்களில் தோழி. அந்த ஆய்வு முடிந்து பல வருடம் கழித்து, கோச் வேலைக்கு வந்த பிறகுதான், அவளைப் பற்றிய ஒரு விஷயம் என் மனத்தில் உறைத்தது. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. வீட்டில் வளர்க்க வந்த பெண்ணின் மகள். கொல்லை வாசல் வழியாக வந்தவள்.

அகப்பாடல்களில் அவள் பேசாத துறை குறைவு. தலைவனைச் சேட்படுத்துவாள், வரைவு கடாவுவாள், இற்செறிப்பை அறிவிப்பாள், உடன்போக்குக்கு வழி செய்வாள். தலைவி தோழியிடமும், தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் அறத்தொடு நிற்பது மரபு. அந்தச் சங்கிலியில் மிக ஆபத்தான கண்ணி தோழி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்று சொல்லப்படும் அந்த நூல் முழுக்கவே தோழி செவிலியிடம் பேசும் பேச்சு. வகுப்பில் நாங்கள் 99 பூக்களை எண்ணுவோம், யானை வந்ததையும் தலைவன் காத்ததையும் பேசுவோம். தொல்காப்பிய விதிப்படி அந்தச் செவிலி தோழியின் சொந்தத் தாய் என்பதை யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒரு மகள் தன் அம்மாவின் எதிரில் நிற்கிறாள். இன்னொரு பெண்ணின் காதலுக்காக 261 அடி பேசுகிறாள். தனக்காக ஓர் அடியும் பேசவில்லை. அவளுக்கென்று ஒரு காதலன் அக மரபில் கிடையாது.

கோச்சிங் நூல்கள் விரும்பும் ஆள் இவள்தான் என்று தோன்றும். தன் விருப்பத்தை அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு எதிராளிக்காக மட்டும் இருப்பவள். ஆனால் தோழிக்கு விருப்பமே இல்லை என்பதை நான் நம்பவில்லை. தலைவி இற்செறிக்கப்பட்டால் தோழியின் உலகமும் அடைபடும். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் ஊர் முதலில் கேட்பது தோழியைத்தான். அவள் தலைவிக்குச் சொல்லும் ஒவ்வொரு யோசனையிலும் அவளுடைய பங்கு இருக்கிறது. பாட்டில் அது சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். சொல்லப்படாத விருப்பம் காணாமல் போய்விடாது. அது யோசனை என்ற வேடத்தில் வெளியே வரும்.

பெண்ணியம் பேசுகிற நமக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நம் விருப்பம் நல்ல விருப்பம். பெண்கள் படிக்க வேண்டும், சம்பாதிக்க வேண்டும், அடிக்கிறவனை விட்டு வெளியேற வேண்டும். நல்ல விருப்பம் என்பதாலேயே அதைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம். என் எதிரில் இருப்பவளுக்கு மாமியார் ஒரு பக்கம் உத்தரவு போடுகிறார், இன்னொரு பக்கம் நான் விடுதலை என்ற பெயரில் உத்தரவு போட்டால், அவளுக்கு உத்தரவு ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே.

*

இதற்கு ஒரு கணக்கேடு வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்குக் கணக்கேடு புதிதில்லை. நகரத்தார் வட்டிக்கடையில் சேரும் பையன் பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகுவான். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று ஏடுகள் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஏஜெண்டுகள் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். கணக்கைத் தினமும் எழுதுவதும், காலம் முடிந்ததும் ஒரு மூன்றாவது ஆள் பார்க்கும்படி நேர் செய்வதும் அந்தத் தொழிலின் உயிர். இதே வீடுகளின் உள்கட்டில் நடந்த பேச்சுக்கும் தாங்குதலுக்கும் எந்த ஏட்டிலும் வரவு வைக்கவில்லை.

பயிற்சியில் கொடுத்த கேள்விப் பட்டியல் எனக்கு ஒட்டவில்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகள் 34 என்று ஒரு பட்டியல் உண்டு. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று தொடங்கும் அது நடுவில் வேறு மாதிரி ஆகிவிடும்: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம். வகுப்பில் இருபது வருடமாக நடத்திய இந்த எட்டையும் ஒரு நோட்டில் எட்டுக் கட்டமாகப் போட்டேன். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இருபது நிமிடம் அதை நிரப்புகிறேன்.

கூற்று: யார் பேசியது? ஒரு மணி நேரத்தில் என் குரல் எவ்வளவு? "நீ சொல்றது சரிதான், ஆனா" என்று நான் தொடங்கிய வாக்கியங்களைக் குறிக்கிறேன். கேட்போர்: எதிரில் நான் ஒருத்திதான் இருந்தேன், ஆனால் அவள் யாருக்குக் கேட்கும்படி பேசினாள்? சில பெண்கள் என்னிடம் பேசும்போதே இல்லாத கணவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். களன்: எங்கே பேசினோம், அந்த இடம் யாருடையது? துறை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் மாணவி, புங்கமரத்தடியில் பேசும் அதே மாணவி அல்ல. காலம்: அவள் நேற்றைப் பற்றிப் பேசினாளா, நாளையைப் பற்றியா, கடைசிப் பேருந்துக்கு எவ்வளவு நேரம் இருந்தது? பயன்: இந்தப் பேச்சால் யாருக்கு என்ன கிடைத்தது, எனக்கு என்ன கிடைத்தது? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எழுதப் பிடிக்காது. நன்றியோடு ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டால் எனக்கு இரண்டு நாள் மனம் நிறைந்திருக்கும். அதை வரவில் எழுத வேண்டும்.

மெய்ப்பாடு: நகை முதல் உவகை வரை எட்டில் எது அவள் உடலில் தெரிந்தது, எது என் உடலில்? எனக்குக் கோபம் வந்தால் தொண்டை இறுகும், அச்சம் வந்தால் பேனா மூடியைத் திருகுவேன். எச்சம்: சொல்லாமல் விட்டது எது, அதைச் சொல்லாலோ குறிப்பாலோ முடிக்க வேண்டியவள் அவளா நானா? முன்னம்: இந்த இடத்தில் இதைச் சொல்லத் தக்கவர் யார்? சில சமயம் சரியான சொல் நம்மிடம் இருக்கும், சொல்லத் தக்க ஆள் நாமாக இருக்கமாட்டோம்.

*

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய ஒப்புதலோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இரண்டாம் ஆண்டு, இருபது வயது, நன்றாகப் படிப்பவள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் முறைப்பையனோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். "எனக்குச் சம்மதம்தாம்மா" என்றாள். எங்கள் துறையில் மாணவிகள் ஆசிரியையை அம்மா என்றே கூப்பிடுவார்கள்.

அவள் அதைச் சொன்ன நொடியில் என் தொண்டை இறுகியது. மூன்று செமஸ்டர் பாக்கி இருக்கிறதே, இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணா இப்படி, என்று உள்ளே ஒரு குரல். இதைத்தான் ஷோன் செயலின் நடுவே யோசிப்பது என்கிறார்: இறுகியது என் தொண்டை, அவளுடையது இல்லை. முதல் தலைமுறையாகப் படித்து மேலே வந்த என் கதைதான் அந்தக் குரலில் பேசுகிறது. அவள் கதை இன்னும் தொடங்கவே இல்லை. பேனா மூடியைக் கீழே வைத்துவிட்டு, "சம்மதம்னு சொன்னியே, எதுக்குச் சம்மதம்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்ட விட்டுப் போறதுக்கு" என்றாள்.

வீட்டில் அப்பாவின் குடி. அம்மாவுக்குக் காவலாக இவள்தான் இரவில் விழித்திருக்கிறாள். கல்யாணம் அவளுக்கு ஒரு கதவு. நான் உடைக்க நினைத்த கதவை அவள் தப்பிக்கும் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து நான் கேட்டது இதுதான்: "கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு நீ எங்க இருப்பே, என்ன செஞ்சுக்கிட்டு இருப்பே?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வந்தாள். மாப்பிள்ளை வெளிநாட்டிலும், தான் அவர்கள் வீட்டுச் சமையற்கட்டிலும் இருக்கும் காட்சிதான் கண்ணுக்குத் தெரிந்ததாம். "இந்த வீட்டுல இருந்து அந்த வீட்டுக்கு மாறுறேன், அவ்ளோதான் போல" என்றாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, "நீங்க என்னம்மா நெனைக்கிறீங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொள்வது கோச் மரபு. நம் ஊரில் அது மரியாதைக் குறைவாகவும், சில சமயம் கோழைத்தனமாகவும் ஆகிவிடும். "நான் நெனைக்கிறத சொல்றேன். ஆனா அது என் வாழ்க்கையில இருந்து வர்றது. நீ டிகிரிய முடிக்கணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசைய நீ ஒரு ஓரமா வச்சுக்க, அதுக்காக எதையும் முடிவு பண்ணாதே" என்றேன். என் விருப்பத்தை மேசையில் வெளிப்படையாக வைத்துவிட்டால் அது யோசனை வேடம் போட முடியாது.

அவள் பெரியம்மாவிடம் பேசினாள். அந்த வீட்டில் சொல் எடுபடுகிற ஆள் அவர்தான் என்று அவளே கண்டுபிடித்தாள். முன்னம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த பெயர் அவளுடைய அம்மா, அவள் தேர்ந்தெடுத்தது பெரியம்மா. கல்யாணம் தள்ளிப்போகவில்லை, தை மாதம் நடந்தது. ஆனால் படிப்பை முடிக்கும் வரை கல்லூரிக்குப் போய் வரலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். அடுத்த செமஸ்டர் தேர்வுக்கு மஞ்சள் கயிற்றோடு வந்து எழுதினாள். இரண்டு தாள் அரியர் விழுந்தது. இதை வெற்றி என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. அந்த முடிவுகளில் அவள் கையெழுத்து இருக்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகாமலிருந்தால் இந்தப் பொறுமைக்கெல்லாம் இடமில்லை, உடனே 1098க்கு அழைக்க வேண்டியது சட்டப்படியும் அறத்தின்படியும் கடமை. உயிருக்கு ஆபத்து என்றால் 181. கேள்வி கேட்டு ஒருத்தியைச் சிந்திக்க வைப்பது எல்லா இடத்துக்குமான மருந்தில்லை. எந்த இடத்தில் நாம் கோச் இல்லை என்று தெரிந்துகொள்வதும் தன்னுணர்வுதான்.

*

கோச்சிங் ஒரு வணிகமாகவும் இருக்கிறது. மனநிலையை மாற்று, வாழ்க்கை மாறும் என்ற வாசகங்கள் அதில் நன்றாக விற்கின்றன. தற்காலிகப் பணியில் பல வருடமாக இருக்கும் ஓர் ஆசிரியை என்னிடம் வந்து, "எனக்குத் தன்னம்பிக்கை பத்தல மேடம்" என்றார். அவர் பேச்சை நோட்டில் நிரப்பும்போது களன் என்ற கட்டம் வழிந்தது. நிரந்தரமில்லாத வேலை, கோடை மாதங்களில் சம்பளமில்லை, பேறுகால விடுப்புக் கேட்கத் தயக்கம். இதில் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? அவருக்குள் இல்லாத குறையை அவருக்குள் தேட உதவினால் அது அவருக்குச் செய்யும் தீங்கு. அடுத்த சந்திப்பில் நாங்கள் பேசியது தன்னம்பிக்கையைப் பற்றி அல்ல, அவரைப் போன்ற இன்னும் பதினோரு பேரைச் சேர்த்து ஒரு மனு எழுதுவதைப் பற்றி.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காரைக்குடிக்கு வந்து பேசும் பெண்கள் கூடினார்கள். அதற்கு முன் அவர்களுக்கு மனத்தடை இருந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருந்தது டிக்கெட் தடை. உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் களன் என்ற கட்டம்.

இந்த மண்ணில் நமக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1930களில் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற இதழ் வந்தது. அதை நடத்திய மரகதவல்லி, தானே கைம்மையிலிருந்து வெளியேறி சொ. முருகப்பாவை மறுமணம் செய்துகொண்டவர். அவர் ஒரு பெண்ணின் மனத்தை மாற்றுவதோடு நிற்கவில்லை, அவள் போவதற்கு ஒரு வழியையும் ஊரறியத் திறந்து வைத்தார். நோட்டில் எழுதிக்கொண்டே நான் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கு அவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

*

தோழிக்கு யார் தோழி என்ற கேள்வியைச் சங்கப் பாடல்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: ஒரு செவிலியர், ஒரு பள்ளித் தலைமையாசிரியை, நான். மாதத்தில் ஒரு ஞாயிறு கானாடுகாத்தானில் கூடுகிறோம். தலைமையாசிரியை ஒரு பெரிய வீட்டுப் பெண். அந்த வீட்டின் முகப்பில்தான் உட்காருகிறோம், ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடம். முகப்பு வழியாக உள்ளே நுழைவது எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. அதையும் களன் கட்டத்தில் எழுதியிருக்கிறேன், அந்தத் தோழிகளிடம் வாசித்தும் காட்டியிருக்கிறேன். தலைமையாசிரியை கேட்டுவிட்டு, அந்தக் கொல்லை வாசலைச் சின்ன வயதில் தான் பார்த்ததே இல்லை என்றார். அதைப் பற்றி அன்று முழுக்கப் பேசினோம்.

விதிகள் கொஞ்சம்தான். ஒருத்தி தன் நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். வந்தவர்களின் பெயரோ ஊரோ வரக் கூடாது, வாசிப்பது நம்மைப் பற்றித்தான். மற்ற இருவரும் முதல் இருபது நிமிடம் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். செவிலியருக்கு இது பெரிய தண்டனை. "ஊசியப் போட்டுட்டுப் போறவள்கிட்டப் போயி கேள்வி மட்டும் கேளுன்னா எப்படி?" என்பார். கேட்க ஆரம்பித்தால் எங்கள் மூவரில் கூர்மையான கேள்வி அவருடையதாகத்தான் இருக்கும்.

வருகிற ஞாயிறு என் முறை. எதை வாசிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அரியர் எழுதப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "அம்மா, ஒரு விஷயம் பேசணும். அறிவுரை வேணாம், கேட்டா போதும்."

"வா" என்று பதில் போட்டுவிட்டு, அன்றைய பக்கத்தில் கேட்போர் என்ற கட்டத்தை முதலில் நிரப்பினேன்.